நுரைக்குக் காது கொடுத்தவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனிமேல் என் கிளாஸில் நுரையே எழும்பாமல் போகட்டும். நடந்தது நடந்தபடி இதுதான்.

"ம்... ஆழத்துத் தண்ணி," என்றார் காது சார், முதல் கிளாஸைக் காதிலிருந்து எடுக்காமலே. "காய்ச்சினவர் பாத்திரத்துக்கு மூடி போட மறந்துட்டார்."

எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது.

அந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு பீர் காய்ச்சுகிறவர்கள் மூன்றே பேர்: மெக்கானிக், பேக்கரிக்காரர், டெய்லரக்கா. மதுக்கூடத்தில் உள்ளூர்ப் பீருக்கென்று இருப்பதோ ஒரே ஒரு குழாய். ஒரு வருஷத்துக்கு அந்தக் குழாய் யாருக்கு என்று பத்து வருஷமாகத் தீர்ப்புச் சொல்லி வருகிறவர் காது சார்.

அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார். கிளாஸைக் காதில் வைத்து, நுரை உடைகிற சத்தத்திலேயே பீரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அப்போது அவர் கண் எதிர்ச் சுவர்ப்பக்கம் நிலைகுத்தி நிற்கும். நாக்கைச் சரிக்கட்டலாம், காதைச் சரிக்கட்ட முடியாது என்பது மதுக்கூடக்காரரின் கட்சி.

டெய்லரக்காவுக்கு இதில் இம்மியளவும் நம்பிக்கை இல்லை. இரண்டு வருஷமாக அவளுக்குத்தான் கடைசி இடம். இந்தத் தடவையும் கடைசி என்றால் கொட்டகையைப் பிரித்துவிட்டு மறுபடி சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைக்கப் போவதாக வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்ற விதம்தான் அவளை அரித்தது. போன வருஷம் காது சார், கசப்பு ஒரு கை கூடிப்போயிருக்கிறது என்றார். கூடித்தான் போயிருந்தது. அதற்கு முந்தின வருஷம், அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்றார். அவசரப்பட்டுத்தான் இறக்கியிருந்தாள்.

இரண்டையும் அவள் வீட்டுக்காரரைத் தவிர ஓர் ஈ எறும்பிடம் சொன்னதில்லை. அவரிடமும், போட்டி நடக்கும்போது இதே சுவரோரம் நின்று, மனசு கேட்காமல் கிசுகிசுத்ததோடு சரி. அப்புறம் அவரும் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. பின்னே எப்படிப் போயிற்று சேதி? மதுக்கூடக்காரர் அடிக்கடி புருவத்தைச் சொறிகிறாரே, அது அரிப்பா, ஜாடையா?

இரண்டாவது கிளாஸ் காதுக்குப் போனது. பேக்கரிக்காரர் வழக்கம்போல் மெக்கானிக்கின் தோளில் கை போட்டு, தணிந்த குரலில் தன் சரக்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். காது சார் முகமெல்லாம் மலர்ந்து, இது ராஜ பீர் என்றார்.

டெய்லரக்காவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"யாரோ ஜாடை காட்டுறாங்க. மூணாவது கிளாஸுக்கு எல்லாரும் சுவத்தைப் பாத்துத் திரும்பி நிக்கணும். நானும் நிக்கிறேன். உங்களுக்கும் சேத்துத்தாண்ணே சொல்றேன்," என்றாள் மதுக்கூடக்காரரிடம்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது கிளாஸைக் காது சாரின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். டெய்லரக்காவின் வீட்டுக்காரரையும் சேர்த்து ஐந்து பேரும் மூக்கு சுவரில் இடிக்கத் திரும்பி நின்றார்கள். மதுக்கூடக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "என்ன சார், ஏதாவது கேக்குதா?" என்று மூன்று தடவை கேட்டார். பதில் இல்லை. சார் ஆழ்ந்துவிட்டார் என்று அவரே சமாதானமும் சொன்னார்.

கடைசியில் காது சாரின் குரல் வந்தது, சாவு வீட்டுக் குரலில். "மன்னிக்கணும். நுரை இன்னிக்கு வாயே திறக்கலை."

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெரிய மனுஷரின் மனசைப் புண்படுத்திவிட்டதாக மதுக்கூடக்காரர் டெய்லரக்காவைப் பிடி பிடியென்று பிடித்தார். அவளோ வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"பாத்தீங்களா, ஜாடை இல்லைன்னா குட்டு உடைஞ்சுபோச்சு. மூணாவது நம்மது. இதைவிட நல்ல பீரை இந்த ஊர்ல எவனும் காய்ச்சினதில்லை, காய்ச்சப் போறதுமில்லை."

வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார்.

காது சார் சட்டென்று நிமிர்ந்தார். மூன்றாவது கிளாஸை மறுபடி காதில் வைத்தார்.

"ஆ, இப்பப் பேசுது," என்றார். "மூணாவதைவிட நல்ல பீரை இந்த ஊர்ல யாரும் காய்ச்சினதில்லை. காய்ச்சப் போறதுமில்லை."

மதுக்கூடம் கைதட்டியது. பேக்கரிக்காரர் மட்டும் மெக்கானிக்கின் தோளிலிருந்து கையை எடுத்தார். குழாய் ஒரு வருஷத்துக்கு டெய்லரக்காவுக்கு என்று முடிவாயிற்று.

அவளுக்கோ ஜெயித்த சந்தோஷமே இல்லை. அவள் சொன்ன வார்த்தை, அச்சுப் பிசகாமல்! கட்டின புருஷனையே மேலும் கீழும் பார்த்தாள். கையைக் காலை ஆட்டினாரா? விரலைக் காட்டினாரா? அவர் தாயறிய எதுவும் செய்யவில்லை என்றார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் கேட்கவில்லை. வாசலருகே குடையும் கையுமாகக் காத்திருந்த காது சாரின் சம்சாரத்திடம் நேரே போனாள்.

"உண்மையைச் சொல்லிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு யார் எடுத்துக் கொடுக்குறது? என் வீட்டுக்காரரா?"

அந்த அம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீதாம்மா, அவருக்குப் பன்னெண்டு வருஷமாக் காதே கேக்காது, பேசுறவங்க வாயசைவைப் பாத்துத்தான் சொல்றாரு."