ஆமா, அடிச்சேன்!

முதல் அறையிலேயே கோபிநாத்தின் உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. இரண்டாவது அறைக்குச் சைக்கிளோடு சேர்ந்து சாக்கடையோரம் சரிந்தான்.

"எழுந்திரிடா! என் தங்கச்சிய என்னா பண்ண?"

உப்பளத்திலிருந்து சாரத்தில் இருக்கும் தங்கை வீடு வரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்த நாகராஜுக்குக் கண்மண் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒரே தங்கை கலைவாணி. அவள் மாதாமாதம் வலிப்பு மாத்திரை வாங்குவதாக மருந்துக்கடை நண்பன் காதில் போட்டான். வந்து பார்த்தால் நெற்றியில் பிளாஸ்திரி, முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு தலவலிகூட வந்ததில்ல. மண்டையில அடிச்சு அடிச்சு வலிப்பு வரவச்சிட்டியேடா!"

"அண்ணா, வுடுண்ணா! நான் சொல்றத கேளு!" குறுக்கே பாய்ந்த கலைவாணியை ஒதுக்கித் தள்ளினான்.

"இருந்த பைக்கையும் வித்துட்டு மேட்டுப்பாளையத்துல இருக்குற உன் கம்பெனிக்கு அவளயும் சைக்கிள் மெதிக்க வுடுற. நீ மட்டும் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு முன்னால போவ, இவ வெறுந்தலையோட பின்னால வரணுமா?"

வயிற்றில் ஓர் உதை விழுந்தது. கோபிநாத் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மட்டும் பொத்திக்கொண்டான்.

தெரு கூடிவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூலியா கேட்கப்போகிறார்கள்? எதிர்வீட்டு அம்மாவாசைதான் ஓடிவந்து நாகராஜின் கையைப் பிடித்தார். கோபிநாத்தின் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர்.

"என்னாப்பா கோபி, அந்தப் பொண்ணுக்கு எப்புடி அடிபட்டுச்சு?"

கலைவாணி வாயைத் திறந்தாள். கோபிநாத் முந்திக்கொண்டான்.

"ஆமா, நான்தான் அடிச்சேன். என் பொண்டாட்டி, அடிச்சேன்!"

அம்மாவாசை பிடித்த கையை விட்டுவிட்டார். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்... உள்ள போயி பேசிக்குங்கப்பா" என்று ஒதுங்கி நின்றார்.

நாகராஜ் கோபிநாத்தைச் சட்டையோடு வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினான். அவன் விரல்கள் கோபிநாத்தின் குரல்வளையில் இறுகின. "இன்னியோட உன் கத முடிஞ்சுதுடா. கலை, துணிமணிய எடு!"

"அவர வுடுண்ணா! மாத்திர அவருக்கு!" கலைவாணி அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "சைக்கிள்ல போவ சொல்ல இழுத்துக்கிச்சுன்னா புடிக்கணுமேன்னுதான் நான் பின்னாலயே போறேன். போன வாரம் சாய்ஞ்சவர தாங்கப் போயித்தான் எனக்கு அடி!"

நாகராஜின் கை தானாக விலகியது. பாவி, யாரைப் போட்டு மிதித்தோம் என்று கோபிநாத்தைத் தூக்கி உட்காரவைத்தான்.

"அப்புறம் எதுக்கு மாப்ள, அடிச்சேன்னு ஒத்துக்கின?"

கோபிநாத் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"பொண்டாட்டிய அடிச்சா வேல போவாது மச்சான், வலிப்புன்னா போயிடும்."