பதினாலாவது வரிசை

"நம்ம ஹால்ல மொத்தம் எத்தனை வரிசை?" என்று கேட்டார் பதிவாளர்.

"எட்டு, சார்," என்றார் அட்டெண்டர்.

"அப்ப இந்த அம்மா பதினாலாவது வரிசையில எப்படி உக்காந்தாங்க? கூரை மேலயா?"

மேசைமேல் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. மறைந்த பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரின் பெயரால் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நினைவுச் சொற்பொழிவு அது. சீனா எப்படி முன்னேறியது என்பதுதான் எப்போதும் பேச்சு. நேற்று நடந்தது பன்னிரண்டாவது.

அழைப்பிதழ் அடிப்பது, பேச்சாளருக்குத் தண்ணீர் வைப்பது, கடைசியில் கைதட்டலைத் தொடங்கிவைப்பது எல்லாம் துறை எழுத்தர்தான். அவள் சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நேற்று வந்தவர்கள் ஒன்பது பேர் என்று அவளுக்குத் தெரியும். அதிலும் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். பதிவேட்டிலோ ஐம்பது பெயர்.

நாற்பதுக்குக் கீழே போனால் தொடரை மூடிவிடலாம் என்பது விதி. மூடினால் அரங்கம் பழைய நாற்காலி போடும் கிடங்காகிவிடும். அட்டெண்டர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"நாப்பத்தோரு பேரு. பேரு, வரிசை, நம்பர் எல்லாம் ஒரே கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. எட்டு வருஷமா இதே ஆளுங்க. ஒருத்தருக்குக்கூட ஒரு காய்ச்சல், தலைவலி வரல. நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா, சார். ஆனா சும்மா எழுதல. உண்மையான ஆளுங்கதான். அவங்க இருக்குற இடத்தைத்தான் எழுதியிருக்கேன்."

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏற்கெனவே உங்கமேல மூணு புகார். ஏசி ஓடும்போது ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வைக்கிறீங்க. சாயங்காலம் ஹாலைப் பூட்டுறதே இல்ல. பூட்டைக் கையில குடுத்தா பாம்பைக் குடுத்த மாதிரி நடுங்குறீங்களாம்."

அலுவலகத்தில் அவருக்குத் 'திறந்தகதவு' என்றே பேர். எழுத்தரும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"கடைசியா ஒண்ணு சொல்றேன். இந்த நாப்பத்தோரு பேருல ஒருத்தர், ஒரே ஒருத்தர், நாளைக்குள்ள இங்க வந்து 'நான்தான்'னு சொல்லட்டும். தொடரும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க."

அட்டெண்டர் தரையைப் பார்த்தார். "வரமாட்டாங்க, சார்."

வராந்தாவில் அவரை வழிமறித்தாள் எழுத்தர். "ஏண்ணே, யாராவது சொந்தக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து நிறுத்தக் கூடாதா? பொய்யின்னு ஆரம்பிச்சாச்சு, பாதியில எதுக்கு வெக்கப்படறீங்க?"

"பொய் இல்ல, தங்கச்சி."

"அப்ப ஒருத்தரை எனக்குக் காட்டுங்க. கையக் கால புடிச்சாவது நான் கூட்டிட்டு வரேன்."

"வாங்க," என்று அவர் முன்னால் நடந்தார்.

பேருந்தில் இருவரும் கடைசி நிறுத்தம்வரை போனார்கள். வழியில் அவள் கேட்டாள்: "அந்தப் பேச்சுல அப்படி என்னண்ணே இருக்கு? பக்கத்துல நிக்கற எனக்கே கொட்டாவி வருது."

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பேச வந்தவரு ஒண்ணு சொன்னாரு. சீனாவுல அத்தனை வளர்ச்சி. அதை உக்காந்து தைச்சுக் குடுத்த பொண்ணுங்கள்ல ஒருத்தியாவது இந்த மாதிரி ஹால்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாளான்னு. எனக்கு அது தொண்டையில முள்ளு மாதிரி நின்னுடுச்சு. அதுக்கப்புறந்தான் எழுத்தே கத்துக்கிட்டேன். நாப்பத்தஞ்சு வயசுல."

இறங்கி, ஒரு நீளமான மதிலை ஒட்டியே நடந்தார்கள். மதில் முடிந்த இடத்தில் துருப்பிடித்த கதவு. அது இடுகாடு என்று உள்ளே போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அவர் வரிசைகளை எண்ணவில்லை, கால்களே ஓரிடத்தில் நின்றன. "இதான் பதினாலாவது வரிசை."

சின்னச் சின்ன சிமெண்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு எண். நேற்றைய பதிவேட்டில் பார்த்த அதே பெயர்கள். எல்லாவற்றிலும் ஒரே தேதி. ஏழு வரை எண்ணியவள் அதற்குமேல் எண்ணவில்லை.

"சட்டை தைக்கிற கம்பெனி," என்றார் அவர். "தீப்பிடிச்சப்ப கதவு வெளியில பூட்டியிருந்துச்சு. பொண்ணுங்க துணியை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு மொதலாளி பூட்டச் சொல்லுவாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர்களில் யாரையும் நாளைக்குப் பதிவாளர் முன்னால் நிறுத்த முடியாது. தொடரும் போயிற்று, இந்த மனிதரின் வேலையும் போயிற்று. ஆறுதலாக அவர் தோளைத் தொட்டாள்.

"மகளாண்ணே? தங்கச்சியா? இதுல யாரு உங்களுக்குச் சொந்தம்?"

அவர் பின்னால் நகர்ந்து அந்தக் கையிலிருந்து விலகிக்கொண்டார்.

"சொந்தம்னு யாரும் இல்ல. நான் அங்க வாட்ச்மேன். சாவி என் பையில இருந்துச்சு, நான் எதிர்க்கடையில டீ குடிச்சுட்டிருந்தேன்."