லோடு ஏற்றினால்

கரண்ட் போனபோது அந்தப் பையன் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான்.

யூபிஎஸ் ஒரே ஒரு முறை கீச்சென்றது. அடுத்த நொடி நான்கு கணினிகளும் ஒன்றாக அணைந்தன. அவள் மாட்டியிருந்த ஹெட்போனில் காற்றின் இரைச்சல்கூட இல்லை.

"ஹலோ? ஹலோ?"

செத்த கருவிக்குள் அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்து இருக்கைக்காரி தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

வாழப் பிடிக்காதவர்கள் கூப்பிடுகிற உதவி எண் அந்த ஆபீசுடையது. அழைப்பெல்லாம் கணினி வழியாகத்தான் வரும். கூப்பிடுகிறவரின் எண் திரையில் தெரியாது, எங்கேயும் பதிவாகாது. அந்தத் தைரியத்தில்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களும் அதை வெளியில் சொல்லக் கூடாது. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அவள் ஏதோ ஒரு கூரியர் ஆபீசில் போன் எடுக்கிறவள்.

பேட்டரிக்காரர் வந்து சேர்வதற்குள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

"போன வாரம்தானே வந்து பாத்துட்டு, ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

அவர் யூபிஎஸ் முன்னால் உட்கார்ந்தார். மூடியைக் கழற்றி நான்கு பேட்டரிகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நான்கும் நன்றாகத்தான் காட்டின. திருகுகளை முறுக்கிப் பார்த்தார், வயர்களை ஆட்டிப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பையிலிருந்து ஏதோ வண்டியின் பழைய முகப்பு பல்பு ஒன்றை எடுத்தார். அதை ஒவ்வொரு பேட்டரியிலும் தொடுத்துப் பார்த்தார்.

முதல் இரண்டிலும் கண் கூசியது. மூன்றாவதில் குபீரென்று எரிந்து, மஞ்சளாகி, அணைந்துபோனது.

"இதான் மேடம் ஆளு. சும்மா இருக்கும்போது ஜம்முனு காட்டுவான். லோடு ஏத்தினா படுத்துருவான். இவன் ஒருத்தன் படுத்தா மத்ததும் சேந்து படுக்கும்."

"கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்கண்ணா. சீக்கிரம் மாத்துங்க. அவன் திரும்பக் கூப்பிடுவான்."

அந்தக் குரலைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். உடனே கீழே இறங்கிப்போய் வண்டியிலிருந்து வேறு பேட்டரியைத் தூக்கிவந்தார்.

பொறுப்பாளர் அம்மா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"நமக்கு எத்தனை போன் பாதியில அறுந்திருக்கு. ஒவ்வொண்ணையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா நீ பொழைக்க முடியாதும்மா."

அவள் தலையாட்டினாள். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கணினிகள் உயிர்பெற்றன. ஆபீஸ் முழுக்க பெருமூச்சு விட்டது. அவள் இருக்கைக்கு வந்த முதல் அழைப்பு ஒரு வயதானவருடையது. பென்ஷன், முழங்கால், பேசாத மருமகள் என்று சொல்லி அழுது, கடைசியில் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அடுத்தது ஒரு பெண். அதற்கடுத்து யாரோ, பேசாமலே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை திரையில் பச்சை மினுங்கும்போதும் அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவன் கூப்பிடவில்லை.

வாயைத் திறந்ததுமே வெடுக்கென்று வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். கேட்கக்கூட ஆளில்லை என்று நினைத்திருப்பான். இனி இந்த எண்ணின் பக்கமே வர மாட்டான். இங்கே சொல்லாததை வேறெங்கே சொல்வான்?

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அவசரத்தில் முதலில் வேறு யாருக்கோ போனது. வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா."

போன உயிர் திரும்பி வந்தது.

"சும்மாதாண்டா கண்ணா கூப்பிட்டேன். எப்படி இருக்கே?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். நீ என்ன வேலை நேரத்துல? பார்சல் எல்லாம் அனுப்பியாச்சா?"

சிரித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

 அவள் எதைக் கேட்டாலும், அங்கே போன் எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

கரண்ட் போவதற்குமுன், ஹெட்போனில் முதலில் வந்தது வெறும் கிசுகிசுப்பு. யாருடைய குரல் என்றே தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடாதே?"

பயிற்சியில் பழக்கிய மெத்தென்ற குரலில், எல்லோருக்கும் சொல்வதுபோலத்தான் அவள் சொன்னாள்.

"ஒருநாளும் தெரியாதுங்க. தைரியமா சொல்லுங்க."

அதை நம்பித்தான் அவன் தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தான்.