இரண்டு கட்டு விறகு

"கோவிந்தப்பா! இது விறகா, கரும்பா? புழிஞ்சா ஒரு டம்ளர் சாறு வருமே!"

முத்தம்மா கையிலிருந்த சவுக்குக் கட்டையைத் தராசுத் தட்டில் வீசினாள். ஸ்ரீராம்புரம் ரயில் பாதைக்குப் பக்கத்து விறகு மண்டியில் நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டிக்காரர் கோவிந்தப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தார். "சும்னே கத்தாதீங்க அக்கா. காலங்காத்தால சண்டையா?"

"சண்டையில்ல, ஞாயம் கேக்க வந்திருக்கேன். என் மருமக சரசு வந்த நாள்ல இருந்து விடியறதுக்கு முன்ன வெந்நீர் அடுப்பாண்ட குந்தி ஊதறா, ஊதறா, ஊதிக்கினே கெடக்கறா. குளிக்கிற எடம், பச்சலு முழுக்கப் பொகை. அண்டாத் தண்ணி காயறதுக்குள்ள எங்க வூட்டுக்காரருக்கு கார்ப்பரேஷன் வேலைக்கு நேரமாயிடுது. இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணிய ஊத்திக்கினு பல்லு தந்தியடிக்கப் போறாரு மனுஷன்."

"பாவம், கஷ்டம்தான்."

"உனக்குப் பாவம்னு சொல்லத் தெரியுது, அவருக்குத் தெரியலியே! அடுப்பு பத்த வெக்கத் தெரியாத பொண்ணைத் தலையில கட்டிட்டாங்க, ஞாயித்துக்கெழமை ஆனேக்கல் பஸ்ல ஏத்தி ஆத்தா வூட்டுக்கு அனுப்பு, கத்துக்கினு வரட்டும்ங்கறாரு. அவர் சொன்னா சொன்னதுதான். புதுசாக் கட்டின பொண்ணு அப்படிப் போய் நின்னா ஊரு என்ன பேசும்? எல்லாம் உன் ஈர விறகால!"

கோவிந்தப்பா அந்தக் கட்டையை எடுத்து இன்னொரு கட்டையால் தட்டினார். 'தொப்'பென்றது. பிறகு கொட்டகைக்குள் அடுக்கியிருந்ததிலிருந்து இரண்டை உருவித் தட்டினார். மணிபோல் 'டங்'கென்றது.

"கேட்டீங்களா? வெயில்ல போட்டு, புரட்டி, காய வெச்சது. உங்க பையனுக்கு நான் இதைத்தான் எடுத்து வெப்பேன்."

"அப்ப இது எப்படி எங்க வூட்டுக்கு வந்துச்சு? கால் மொளச்சு நடந்து வந்துச்சா?"

"உங்க முனிராஜ்தான் அக்கா பொறுக்கறது! நான் காஞ்சதைத் தட்டுல வெப்பேன். அவர் அதை எறக்கிட்டு, லாரியில புதுசா வந்த பச்சைக் கட்டையாப் பாத்து ஏத்துவார். 'ஸ்வாமி, ஈரம், எரியாது'ன்னு எத்தனை தடவை சொன்னேன். 'பரவால்ல, இதையே போடுங்க'ன்னார்."

முத்தம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. "படிச்ச புள்ள... ஒரு விறகு பாக்கத் தெரியல பாரு. அப்பனுக்குத் தெரிஞ்சா அவனையும் சேத்துல்ல பஸ்ல ஏத்துவாரு."

"ரெண்டு டிக்கெட்டா எடுத்துடுங்க" என்று சிரித்தார் கோவிந்தப்பா.

முத்தம்மா சிரிக்கவில்லை. முனையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, பட்டை தானாகக் கழன்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தட்டித் தட்டி எடுத்தாள். எடை போட்டு, கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் அடுப்பு ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. ஊதாங்குழலுக்கு வேலையே இல்லை. மத்தியானம் இரண்டாவது ஷிப்ட்டுக்கு மில்லுக்குப் போகும் முனிராஜ், வழக்கம்போல் விடியற்காலையிலேயே எழுந்து பின்பக்கம் வெந்நீர் அடுப்புக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

முத்தம்மாவின் கணவர் நாராயணசாமி ஆவி பறக்கக் குளித்துவிட்டு வந்தார். "சரசு, இப்பதாம்மா கை திருந்தியிருக்கு. ஆனேக்கலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார்.

முத்தம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் சரசுவின் முகத்தில் தெளிவில்லை.

"என்னடி, பேரு காப்பாத்தியாச்சு, சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷம்தான் அத்தை" என்றாள், தரையைப் பார்த்தபடி.

முனிராஜ் அருகே வந்தான். "ஏம்மா நீ போய்ச் சொமக்கற? இனிமே விறகு நானே வாங்கியாறேன்."

"நீ வாங்கற லட்சணம்தான் தெரிஞ்சு போச்சே."

அவன் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். தம்பி தங்கைகள் பாயைச் சுருட்டுவதும் சண்டை போடுவதுமாக இருந்தார்கள். அவர்களைத் தாண்டி வந்து சரசு காபி டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முத்தம்மா அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு பின்பக்கம் எரிந்து அடங்கிவிட்ட அடுப்பைப் பார்த்தாள்.

அந்தக் கட்டு தீர்ந்ததும் அவளே மீண்டும் மண்டிக்குப் போனாள்.

"எப்படி எரிஞ்சுது அக்கா?" என்றார் கோவிந்தப்பா.

"கற்பூரமா எரிஞ்சுது. ஒரு கட்டு அதே போடு."

அவர் எடை போட்டு முடிப்பதற்குள் முத்தம்மா வெளியே போய், பனியில் நனைந்து கிடந்த குவியலில் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டாள். பட்டை பச்சையாக இருப்பது, தூக்கினால் கனப்பது, தட்டினால் 'தொப்'பென்பது என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

"இதுல ஒரு கட்டு."

"அய்யய்யோ, அது எரியாது அக்கா! புள்ளைக்குத்தான் தெரியலன்னா உங்களுக்குமா?"

முத்தம்மா பின்னால் யாரும் இல்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"காஞ்சது எங்க வூட்டுக்காரர் குளிக்கறதுக்கு" என்றாள் மெதுவாக. "அவர் கெளம்பினப்புறம், மத்தவங்க தண்ணிய இந்த ஈரத்தை வெச்சு எவ்ளோ நேரம் வேணா காய வெச்சுக்கட்டும். ஒரே ரூம்ல எட்டுப் பேர் படுக்கற வூட்டுல, புதுசாக் கட்டினதுங்க ரெண்டும் தனியாக் குந்திப் பேச வெந்நீர் அடுப்பை வுட்டா வேற எடம் ஏது?"