டிரம்மின் அடியில்

"கட்டின புருஷன் சரக்கையே திருப்பி அனுப்பிட்டு வந்து, சாவகாசமா காபி குடிக்கிறியே!"

அக்கா கேக் பெட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். தம்பிக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்று நம்பி வாங்கி வந்தது.

தம்பியின் கம்பெனி, கம்ப்யூட்டர் சிப் செய்யும் தகடுகளை மெருகேற்றும் திரவம் தயாரிக்கிறது. மாவைவிட நைசான துகள்கள் தண்ணீரில் மிதக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அவன் வேலை. மண்டையை உடைத்துக்கொண்டு அவன் கண்டுபிடித்த புதுக் கலவையின் முதல் டிரம், மனைவி வேலை பார்க்கும் சிப் தொழிற்சாலைக்குப் போயிருந்தது. வரும் சரக்கைச் சோதிப்பவள் அவள். டிரம் தேறினால் அவன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவன்.

தேறவில்லை.

"அப்படி என்னம்மா குறை கண்டே?"

"அடியில கட்டி தட்டியிருந்துச்சு அண்ணி. ஒரு கட்டி போதும், தகட்டைக் கீறிடும்."

"மேலே?"

"மேலே பால் மாதிரி இருந்துச்சு."

"அந்தப் பாலைப் பார்த்துட்டு 'சரி'ன்னு சொல்ல வேண்டியதுதானே? உங்க ஆளுங்க எல்லாரும் பாதி டிரம் வரைக்கும்தான் குழாய் விட்டு சாம்பிள் எடுப்பாங்களாம், இவன்தான் போன்ல சொன்னான். உனக்கு மட்டும் அடிவரைக்கும் துழாவணும்னு என்ன வேண்டுதல்?"

"குழாய் எட்டுச்சு. விட்டேன்."

"வாய்தான் நீளம்னு நினைச்சேன். குழாயும் நீளமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், நீயாவது வாயைத் திறடா. உன் உழைப்பெல்லாம் மண்ணாப் போச்சேடா!"

"கட்டி இருந்துச்சுன்னா இருந்துச்சுதானே அக்கா. எங்க கம்பெனியிலேருந்து கிளம்பும்போது இல்லை. வழியிலதான் ஒட்டியிருக்கு. ஏன்னு இப்பத்தான் லேசா பிடிபடுது."

"இவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டியா?"

"கேட்கணும்தான்." மனைவி பக்கம் திரும்பினான். "அடுத்த தடவை பெரிய டிரம்ல வருது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நல்லாக் கேட்டே போ!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வாங்கிய கேக்கை என்ன செய்வது? கத்தி எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்த பிளாஸ்டிக் குழாய்ச் சுருள் பக்கத்தில் கிடந்தது. போன தடவை வெட்டியதைவிட ஒரு முழம் கூட்டி வெட்டினான். நுனியை உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மனைவியின் ஆபீஸ் பைக்குள் வைத்தான்.