கோட்டு போட்ட முதலாளி

உலக வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பஞ்சர் கடைக்காரர் கோட்டு சூட்டோடு நோட்டீஸில் காட்சியளித்தார். ‘மிதிவண்டி மாமன்னர்’ என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார். படத்தில் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டதும் வழுக்கையில் முடி நட்டதும் அச்சகத்துக்காரர்.

நோட்டீஸை வீடு வீடாகப் போட்டு முடித்த பிறகுதான் மனைவி அதைப் படித்தாள்.

“ஏங்க, மூஞ்சி இவ்வளவு பெருசா இருக்கே, கடை எங்க இருக்குன்னு போடலையா?”

“இடம் பத்தலடி.”

“இந்த மாசமும் ஆள் வரலேன்னா கடையை மூடிட்டு, இந்த மூஞ்சியை வீட்ல மாட்டிக்கலாம்.”

மறுநாள் காலை ஒரு டீச்சர் காற்றுப்போன சைக்கிளோடு வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். மாமன்னருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“நோட்டீஸ்ல இருக்கிற முதலாளியே, அதே கோட்டு சூட்டோட வீட்டுக்கு வந்து கூப்பிட்டாரு. தெருமுனை வரைக்கும் சைக்கிளையும் அவரே தள்ளிட்டு வந்தாரு. தங்கமான மனுஷன்!”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து அவர் அவள் கண்ணெதிரேதான் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க இங்க வேலைக்கு இருக்கீங்களா?”

“ஆமாம்மா,” என்று சொல்லிவிட்டு மாமன்னர் டயரைக் கழற்றினார்.