டிஸ்க்கில் இடமில்லை

"உங்க வீட்டம்மா என்ன சார், இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாங்க? கம்ப்யூட்டரோட கெர்னல், ஃபைல் சிஸ்டம்னு நம்ம லைப்ரரியில இருந்த அஞ்சு புத்தகமும் அவங்ககிட்டதான். இன்னும் ஏதாவது இருக்கான்னு நேத்துகூடக் கேட்டாங்க!"

நூலகர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டருக்குள் ஃபைல்கள் எப்படிக் குடியிருக்கின்றன என்ற ஆராய்ச்சி அவளுக்கு எதற்கு?

"அதையெல்லாம் படிச்சு என்ன சார் பண்ணப்போறா?"

"அழிச்ச ஃபைலைத் திரும்ப எடுக்க முடியுமான்னு கேட்டாங்க."

"முடியுமா?"

"ஏன் முடியாது? நம்ம கேட்டலாக்ல ஒரு கார்டைக் கிழிச்சுப் போட்டா, புத்தகமே காணாமப் போயிடுமா? அலமாரியிலதானே இருக்கும்! அங்கேயும் அப்படித்தான். அழிச்சா பேரு மட்டும்தான் போகும். அந்த இடத்துல வேற எதையாவது ஏத்தினாத்தான் நிஜமாவே ஒழியும்."

அவன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் ஒரு ஃபைலை அழித்திருந்தான். அவனை வேலையிலிருந்து நீக்கிய கடிதம். அன்றிலிருந்து காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஆபீஸுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, இந்த நூலகத்தின் மூலை மேஜையில்தான் பொழுதை ஓட்டுகிறான். மகள் போய் இரண்டு வருஷம். அந்தத் துக்கத்திலிருந்தே மனைவி இன்னும் மீளவில்லை. இதையும் எப்படி அவள் தலையில் போடுவது?

அன்று சாயங்காலம் வீட்டில் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"என்ன, புத்தகமும் கையுமா இருக்கே?"

"சும்மாதான்." அவள் நிமிரவில்லை. நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போடட்டுமா? மெயில் பாக்கணும்."

"வேண்டாம்!" அவள் குரல் கீச்சென்று உயர்ந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதைத் தொடாதீங்க. அன்னிக்கு எனக்கு அதுல ஒரு வேலை இருக்கு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டது இவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைத் தோண்டி எடுத்து, 'இது என்ன?' என்று கேட்கப் போகிறாள்.

சனிக்கிழமை அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும் கதவைத் தாழிட்டான். மகளுக்காக வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரில், நண்பனிடம் கேட்டு வாங்கிய ஒரு சினிமாவை ஏற்றினான். மறுபடியும் அதையே ஏற்றினான். மறுபடியும், மறுபடியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. மூன்று மணி நேரம் கழித்து, 'டிஸ்க்கில் இடமில்லை' என்றது திரை.

அப்பாடா என்று அவன் சாய்ந்த நேரம் கதவு தட்டப்பட்டது.

கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தவள், திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்ன பண்ணீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "என்னை மன்னிச்சிடு. எனக்கு வேலை போயிடுச்சு. அந்த லெட்டர் உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் டிஸ்க் பூரா படத்தை ஏத்திட்டேன்."

"வேலை போனது எனக்குப் பத்து நாளாத் தெரியும். பகல் பூரா நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு லைப்ரரியன் சொன்னார். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்." அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "டிஸ்க் பூராவுமா?"

"பூரா. அப்போ நீ எதைத் தேடினே?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டியிலிருந்த புது டிஸ்க் மடியில் சரிந்து விழுந்தது.

"நம்ம பாப்பா பேசிப் பதிஞ்சு வச்சிருந்தாளே, திறக்கவே உங்களுக்குத் தைரியம் வரலையே, அதைப் போன மாசம் நான்தான் கை தவறி அழிச்சிட்டேன். ரெண்டு கம்ப்யூட்டர் கடையில கேட்டுப் பார்த்தேன், கைவிரிச்சுட்டாங்க. உங்ககிட்ட சொல்லப் பயந்து நானே படிச்சேங்க... அவ குரல் டிஸ்க்குல எந்த இடத்துல கிடக்குன்னு நேத்துதான் கண்டுபிடிச்சேன்."